துண்டுக்குள் ஒரு விலை, தமுக்கில் ஒரு விலை

வாசகர் கேள்வி – பதில்

கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்திலும் அதற்குப் பின் வந்த ராணியார் ஆட்சியிலும் கொங்கு நாட்டில் பண்டங்களும் ஆடுமாடுகளும் எப்படி விலைபோயின, விற்பனைச் செய்தி ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் அப்பாரு வைத்திருந்த தகரப் பெட்டியில், 'எருமை 1, அணா 8' என்று எழுதி முத்திரை குத்திய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. எருமையை எட்டணாவுக்கு விற்றதற்கான ரசீது என்று என் தம்பி சொல்கிறான். அவ்வளவு மலிவாகவா விற்றிருப்பார்கள்?

பதில்: உங்கள் தம்பி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். எருமை, எட்டணா என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பிடிபட்ட கால்நடைகளை அடைத்து வைக்கும் பவுண்டிதான். 1871-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தில், பிறர் பயிரில் இறங்கிப் பிடிபட்ட கால்நடைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தண்டம் வகுத்திருந்தார்கள். யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, காளை, எருது, பசு, கிடாரி ஆகியவற்றுக்கு 4 அணா. கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா. ஆட்டுக்கு 1 அணா. (ஒட்டகம் இறங்கிச் சோளக்காடு அழிந்த வழக்கு காங்கேயத்தில் ஒன்றாவது நடந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. சட்டத்தை எழுதியவர்களுக்கு ராஜபுதனமும் பஞ்சாபும் சேர்ந்தே கண்ணில் இருந்தன.) ஆகவே உங்கள் அப்பாரு அன்றைக்கு எருமையை விற்றிருக்க மாட்டார், பெரும்பாலும் மீட்டுக்கொண்டு வந்திருப்பார்.

உங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி இருப்பது வெறும் அழகுக்காக அன்று. வேலிக்குள் மேயும் மாட்டுக்கு மேய்ப்பவர் வேண்டியதில்லை. அடுத்தவர் பயிருக்கும் கேடில்லை. ஆனால் கிளுவை பட்டுப்போன இடத்தில் ஒரு சந்து விழுந்தால், அல்லது படலைச் சாத்த மறந்தால், எருமைக்கு அடுத்த காட்டுக் கம்பு எட்டிவிடும். அப்படி வந்ததைப் பிடித்துக் கட்டிய காட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் பவுண்டிக்கு அனுப்பியாக வேண்டும் என்பது விதி. பவுண்டிக்காரர் எத்தனை உருப்படி, என்ன வகை, எந்த நாள், எந்த நேரம், பிடித்தவர் யார், தெரிந்தால் உடையவர் யார் என்றெல்லாம் பேரேட்டில் எழுதிக்கொள்வார். உடையவர் தண்டத்தையும் தீவனச் செலவையும் கட்டினால் கால்நடை அவர் கைக்கு வந்துவிடும். பிடித்ததே அநியாயம் என்று நினைத்தால் 10 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுக்கலாம். பவுண்டிக்குப் போகும் வழியில் மாட்டை அடாவடியாக அவிழ்த்துக்கொண்டு போனாலோ 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

விளம்பரம் பற்றிக் கேட்டிருக்கும் மற்ற வாசகர்கள் இனிச் சொல்லப்போவதைக் கவனிக்க வேண்டும். ஏழு நாட்களுக்குள் ஒருவரும் கேட்டு வராவிட்டால் பவுண்டிக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுவார். அங்கே கால்நடையின் எண்ணிக்கை, அடையாளம், பிடித்த இடம், அடைத்த இடம் ஆகியவற்றை எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். பிடித்த ஊரிலும் அதற்கு அருகிலுள்ள சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்வார்கள். அதற்குப் பின் மேலும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம் போடுவார்கள். தண்டமும் செலவும் கழித்த மீதி உடையவருக்கு உரியது. அவர் வராவிட்டால் மூன்று மாதம் வைப்பில் இருக்கும். போலீசாரோ பவுண்டிக்காரரோ அந்த ஏலத்தில் நேராகவும் மறைவாகவும் எடுக்கக் கூடாது என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. அப்படி ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

காங்கேயம் இனத்துக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதமளவில் அந்தச் சிவப்பு மங்கிச் சாம்பல் நிற மயிலையாகிவிடும். சுவரில் 'செவலைக் கன்று' என்று ஒட்டிய அறிவிப்பை ஆறு மாதம் கழித்து வந்து படிப்பவருக்கு, கன்று கண்ணெதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது. ஏடு ஒரு நாளின் நிறத்தைத்தான் பிடித்து வைக்கும். நம் குடியானவர்கள் கால்நடை விஷயத்தில் ஏட்டை முழுதும் நம்பாததற்கு இதுபோன்ற காரணங்கள் நிறைய உண்டு.

கேள்வி (தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி): 'ஜப்தி ஏலத்தில் எல்லாம் போயிற்று' என்று எங்கள் அம்மாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஏலத்தை ஊருக்கு எப்படித் தெரிவித்தார்கள்? அது நியாயமாக நடந்ததா?

பதில்: நிலவரி நிலுவைக்காக நடந்த ஏலமா, கடன்காரர் கோர்ட்டுத் தீர்ப்பு வாங்கி நடத்திய ஏலமா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டையும் மக்கள் ஜப்தி என்றே சொன்னார்கள். வரி நிலுவை ஏலத்துக்கு 1864-ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம் வழி வகுத்தது. நிலத்தை ஏலம் போடுவதானால் அந்த அறிவிப்பு கலெக்டரின் அலுவலகமான கச்சேரியிலும் தாலுகா கச்சேரியிலும் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒட்டப்பட வேண்டும். ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே நூற்றுக்கு 15 வீதம் கட்டி, மீதியை 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் கட்டிய பணம் போய்விடும், நிலம் மறு ஏலத்துக்கு வரும். இவை தவிர ஜில்லா கெஜட்டிலும் ஏல அறிவிப்புகள் அச்சாயின. ஊரில் தமுக்கும் அடிக்கப்பட்டது.

நியாயமாக நடந்ததா என்றால், எழுத்தளவில் நடந்தது. தமுக்கைக் கேட்ட ஊரார் கையில் ரொக்கம் இல்லை. ரொக்கம் வைத்திருந்த பட்டணத்து வியாபாரியும் வக்கீல் குமாஸ்தாவும் கெஜட்டைப் படித்தார்கள். ஒரே ஏலத்துக்கு இரண்டு விதமான அறிவிப்புகள் இரண்டு விதமான மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தன என்றால், யார் எடுத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பஞ்ச காலத்தில் இந்தக் கோணல் இன்னும் கொடுமையாயிற்று. தாது வருஷம் என்று நம் பாட்டிகள் இன்றும் பயந்து சொல்லும் 1876–78 பஞ்சத்தில் தானிய விலை ஏற ஏற மாட்டு விலை இறங்கிக்கொண்டே போனது. தீனி இல்லாத மாட்டை ஏலத்தில் எடுத்துத்தான் என்ன செய்வது? எல்லாரும் விற்கவே வந்து வாங்குவோர் இல்லாத சந்தையில், ஏலம் என்பது விலையைக் கண்டறியும் வழியாக இருக்க முடியாது.

கோர்ட்டு ஜப்தியைப் பொறுத்தவரை, 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் அறுபதாவது பிரிவில், குடியானவரின் உழவுக் கருவிகளையும் அவர் பிழைப்புக்கு வேண்டியவை என்று கோர்ட்டு கருதும் மாடுகளையும் விதையையும் ஜப்தி செய்யக் கூடாது என்று விலக்கியது. உங்கள் அம்மாயி 'எல்லாம்' என்று சொன்னதில் ஏர்மாடும் சேர்ந்திருந்தால், அது இந்த விலக்கு நடைமுறையில் செல்லாமல் போன வீடுகளுள் ஒன்றாக இருக்கலாம்.

'ஏலம்' தமிழ்ச் சொல்லா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது. மேசையும் சாவியும் அலமாரியும் வந்த அதே வழியில் வந்தது. 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று நாம் சேர்த்துக்கொண்டது மட்டும் நம் குரல்.

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்): மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கைபிடித்து விலை பேசுவது எதற்காக? வெளிப்படையாகப் பேசினால் என்ன? வெள்ளைக்காரன் காலத்தில் இதைத் தடுக்க முயலவில்லையா?

பதில்: உங்கள் ஊர்ச் சந்தையில் கால் வைத்தவருக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. தரகர் ஒருவர் கையைத் துண்டுக்குள் வாங்கிக்கொள்வார். விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் தொகை பேசப்படும். வாய் மட்டும் 'சரியா? இன்னும் கொஞ்சம் பாருங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து என்பது பல இடங்களில் வழக்கம். அந்த ஒன்று பத்தா நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்த இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். ஐந்துக்கு மேற்பட்ட எண்களுக்குச் சந்தைக்குச் சந்தை பிடி வேறுபடும். வெளியூர் ஆள் தரகர் இல்லாமல் விலை பேச முடியாதபடி ஆக்கியதும் அதுதான்.

இதில் ஒரு நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் சுற்றி நிற்கும் இடத்தில் 'நாற்பது' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்த மாட்டுக்கு அன்று முழுவதும் நாற்பதுதான். அடுத்து வருபவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். துண்டு மூடியிருக்கும் வரை ஒவ்வொரு பேரமும் புதிதாகத் தொடங்குகிறது. அவசரத்துக்கு விற்க வந்தவரின் நெருக்கடி ஊருக்குத் தெரியாமல் இருக்கவும் அது உதவியது. பெண்ணின் கல்யாணத்துக்கு மாடு விற்கிறார் என்பது தெரிந்தால் விலை எங்கே நிற்கும் என்பதைக் கொங்கு நாட்டுத் தகப்பனார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேடு தரகரிடம் இருந்தது. வாங்குபவரின் விரலில் ஒரு தொகையும் விற்பவரின் விரலில் வேறொரு தொகையும் பேசி, நடுவில் உள்ளதைத் தம்முடையதாக்கிக்கொள்ளத் துண்டு மிக வசதி. மாட்டுச் சந்தையில் ஒரு மாட்டோடு போகும் இந்த நஷ்டம், பருத்திக்கும் நிலக்கடலைக்கும் வரும்போது ஒரு வருஷத்து வெள்ளாமை முழுவதையும் தொட்டது. விளைபொருள் மண்டிகளில் துண்டுப் பேரத்தோடு மகிமை, தருமம், சாம்பிள், கழிவு என்று வகை வகையாகப் பிடித்தங்களும் இருந்தன. 1928-இல் அறிக்கை தந்த ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று சொன்னது. அதன் பின்பு 1933-இல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்களுக்கான சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை பருத்திக்காகத் திருப்பூரில் 1936-இல் தொடங்கப்பட்டது. இன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடும் முறையை எண்ணிப் பாருங்கள். அதிலும் விலை கடைசி வரை மறைவாகத்தான் இருக்கிறது. திறக்கும்போது எல்லார் முன்னும் திறக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. மறைப்பது குற்றமில்லை, கடைசி வரை திறக்காததுதான் குற்றம் என்று கண்டவர்களை நான் மதிக்கிறேன்.

மாட்டுச் சந்தையை அந்தச் சட்டம் தொடவில்லை. பருத்தியைத் தரம் பிரித்து எழுதலாம். மாட்டை எப்படி எழுதுவது? பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வாயைத் திறந்து பார்த்துத்தான் வயதைச் சொல்கிறோம். சுழி பார்க்க வேண்டும், கால் வைப்பைப் பார்க்க வேண்டும், ஏரில் பூட்டினால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்கும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரோடு கூடும் காங்கேயம் மாட்டுச் சந்தைக்கும் ஆட்கள் பல காதம் நடந்து வந்ததற்குக் காரணம், அங்கே ஒரே இடத்தில் நூறு மாட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான். கோயில் திருவிழாவை அறிவிக்கும் நோன்பிச் சாட்டே அந்தச் சந்தைக்கும் அறிவிப்பு. தனியே தமுக்கு எதற்கு?

கேள்வி (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): எங்கள் ஊரில் 'சுங்கம்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கும் சந்தைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. ஊருக்கு ஊர் வழிச்சுங்கம் வாங்கிய காலத்தின் பெயர் அது. சாயர் என்று கணக்கில் எழுதப்பட்ட அந்த உள்நாட்டுத் தீர்வையைக் கும்பினியாரும் முதலில் விடாமல் வாங்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1844-இல்தான் அது ஒழிந்தது. அதற்கு முன் ஒரு பொதி புகையிலை கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டுவதற்குள் எத்தனை இடத்தில் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்): ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு வேண்டிய பண்டங்கள் எல்லாம் எங்கள் ஊர் வழியாகவே போயின என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே விற்பனையும் விளம்பரமும் எப்படி இருந்தன?

பதில்: பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி, சீகூர் வழியாக மைசூர்ப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் போயிற்று. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலைமேல் ஏறி, 1820-களின் தொடக்கத்தில் அங்கே கல் பங்களா கட்டினார். இடையில் பெரும்பகுதி சில ஆண்டுகள் மலபாரோடு இருந்தது தவிர, நீலகிரி 1868 வரை கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே ஊட்டி என்ற குடியேற்றம் தொடக்கத்திலிருந்தே கொங்குச் சமவெளியின் களத்து நெல்லை நம்பிப் பிழைத்த ஊர். மேட்டுப்பாளையம் வரை வண்டியில் வந்த அரிசியும் பருப்பும் எண்ணெயும் அங்கிருந்து பொதிமாட்டிலும் ஆள் தலையிலும் மலையேறின. 1873-இல் உங்கள் ஊருக்கு ரயில் வந்தது. 1899-இல் மலை ரயில் குன்னூருக்கும், 1908-இல் ஊட்டிக்கும் சென்றது. மேலே போனது தானியமும் உப்பும். கீழே வந்தது உருளைக்கிழங்கும் காப்பியும். உருளைக்கிழங்கு உங்கள் ஊர் மண்டிகளிலேயே இன்றும் தங்கிவிட்டது. காப்பிக்கொட்டையோ தோல் நீக்கிப் பதப்படுத்த வறண்ட வெயில் வேண்டும் என்பதால் மலைச் சாரலிலிருந்து இறங்கிக் கோயமுத்தூர் வரை வந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1861-இல் அங்கே காப்பி பதப்படுத்தும் தொழில் தொடங்கியதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம்.

ஊட்டியின் விற்பனையில் எனக்கு ருசியாகத் தோன்றுவது அந்த ஊரின் நிலையாமைதான். சென்னை அரசாங்கம் கோடைதோறும் மலைக்கு வந்துபோகும். இன்று வந்த அதிகாரி நாளை மாற்றலாகிப் போவார். ஒருவர் சீமைக்குத் திரும்புவார். இன்னொருவர் காய்ச்சலில் இறந்துபோவார். அவர் விட்டுச்செல்லும் கட்டில், பீங்கான், வண்டி, மட்டக்குதிரை எல்லாம் அந்தச் சில நாளுக்குள் கைமாற வேண்டும். வாங்குபவர் பத்து மைலுக்கு அப்பால் காப்பித் தோட்டத்தில் இருப்பார். அங்கே சந்தைக் கூட்டமும் கிடையாது, தமுக்கைக் கேட்கும் தெருவும் கிடையாது. அதனால் ஆங்கிலப் பத்திரிகையின் விற்பனை அறிவிப்பும் ஏலக்காரரின் சுத்தியலும் அந்தக் குடியேற்றத்துக்குத் தேவையாயின. குதிரையின் வயது, உயரம், வண்டிக்குப் பழகியதா, பெண்கள் ஏறத் தகுந்ததா என்று நான்கு வரியில் எழுதிவிடுவார்கள். அந்த அறிவிப்பை நம்பி வாங்கியவர்கள் பின்னால் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வாரப் பத்திரிகையில் வராது.

அதே ஊரில், அந்த வண்டிக்கு வைக்கோல் கொண்டுவந்தவரும் படகர் வீட்டு உருளைக்கிழங்கை விலைபேசியவரும் ஒரு வரி அச்சும் இல்லாமல் நாள் தவறாமல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): என் மகள் சிட்னியில் இருக்கிறாள். அங்கே ஆங்கிலேயர் குடியேறிய புதிதில் மாடும் பண்டமும் எப்படி விற்றார்கள்? நம் நாட்டோடு ஒப்பிட முடியுமா?

பதில்: ஒப்பிடலாம், வேறுபாடுதான் அதிகம் தெரியும். 1788 ஜனவரியில் முதல் கப்பற்கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, வழியில் நன்னம்பிக்கை முனையில் வாங்கிய சில மாடுகள் கூடப் போயின. சில மாதங்களிலேயே அவை மேய்ச்சலிலிருந்து தப்பிக் காட்டுக்குள் போய்விட்டன. பஞ்சத்தில் கிடந்த குடியேற்றம் அவற்றைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. 1795-இல் நேப்பியன் ஆற்றுக்கு அப்பால் அந்த மாடுகள் அறுபதுக்கும் மேலாகப் பெருகி நல்ல புல்வெளியில் மேய்வதைக் கண்டார்கள். அந்த இடத்துக்கு மாட்டு மேய்ச்சல் நிலம் என்ற பொருளிலேயே பெயரிட்டார்கள். கிளுவை வேலி போட்டிருந்தால் தப்பியிராதே என்று காங்கேயத்து வாசகர் நினைப்பார். தப்பியதால்தான் பெருகின என்றும் சொல்லலாம். 1790-களில் நம் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும்கூட அங்கே மாடுகள் கப்பலேறின என்பது உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

அங்கே காசுத் தட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்ததால், சாராயமே பல காலம் பணமாக ஓடியது. 1813-இல் ஆளுநர் மெக்குவாரி ஸ்பானிய வெள்ளிக் காசுகள் 40,000-ஐ வாங்கி, காசு வெளிநாட்டுக்கு ஓடிவிடாமல் இருக்க, நடுவில் துளை போட்டு இரண்டு காசாக்கினார். வளையத்துக்கு 5 ஷில்லிங், நடுவட்டுக்கு 15 பென்ஸ். நம் பக்கத்துத் தொல்லை இதற்கு நேர் எதிர். கொங்கு நாட்டில் காந்திராய பணம், வீரராய பணம், நட்சத்திர வராகன், ரூபாய் என்று காசு வகை மிகுதி. மாடு விற்றவர் அடுத்துப் போவது காசு மாற்றும் சராப்புக் கடைக்கு.

விளம்பரத்திலும் அப்படியே. சிட்னியில் 1803 மார்ச் 5-ஆம் தேதி முதல் பத்திரிகை வெளிவந்தது. அச்சிட்ட ஜார்ஜ் ஹோ தண்டனை பெற்றுக் கப்பலில் வந்த கைதி. அரசாங்க உத்தரவோடு, கப்பலில் வந்திறங்கிய பண்டம், காணாமற்போன கால்நடை, ஏலம் ஆகியவற்றின் அறிவிப்புகளும் அதிலேயே வந்தன. நூறு தலைமுறையாகக் கூடிவந்த சந்தை அங்கே அவர்களுக்கு இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள் தொலைவில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பத்திரிகையே சந்தை. நமக்கு வியாழக்கிழமைச் சந்தையே பத்திரிகை. பின்னாளில் அந்த நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் சென்னைக்குக் கப்பலில் வந்து, ஊரின் பெயரால் 'வேலர்' என்று அழைக்கப்பட்டுப் பட்டாளத்துக்கு விலைபோயின.

கேள்வி (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்): அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் பார்த்து நம்மவர்கள் பொருள் வாங்கினார்களா?

பதில்: வாங்கினார்கள், தபால் இலாகா அதற்கு வழி செய்தது. வி.பி.பி. 1877-இலும், தபால் மணியார்டர் 1880-இலும் வந்தன. பொருளைக் கையில் வாங்கும்போது பணம் கொடுத்தால் போதும் என்ற நிலை வந்ததும், சென்னையிலிருந்து மருந்தும் கடிகாரமும் விதையும் புத்தகமும் கோபி வரை வரலாயின. சுதேசமித்திரன் 1882-இல் தொடங்கியது, கோயமுத்தூரிலேயே சே. ப. நரசிம்மலு நாயுடு 'கோயமுத்தூர் கலாநிதி'யை நடத்தினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாணத்தில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஒருவர் திண்ணையில் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வி.பி.பி.யில் கடிகாரம் வாங்கிய அதே குடியானவர் மாட்டை மட்டும் அப்படி வாங்க மாட்டார். 'நல்ல மாடு உள்ளூரிலேயே விலைபோகும்' என்பது நம் பழமொழி. வெளியூருக்கு வந்து விளம்பரம் செய்யும் மாட்டுக்கு என்ன குறை என்று கேட்கும் மனம் அதில் இருக்கிறது. கால்நடை பற்றி அச்சில் வந்ததில் பவுண்டியும் ஜப்தியும் காணாமற்போனதுமே கூடுதலாக இருக்க, நல்ல விற்பனைகள் துண்டுக்குள்ளேயே முடிந்துபோனதை வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்): பழைய பருத்திக் கணக்கில் வரும் பாரம், மணங்கு, வீசை என்பவை இன்றைய எடையில் எவ்வளவு?

பதில்: 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். சென்னை மணங்கு 25 ராத்தல், அதாவது சுமார் 11.3 கிலோ, பாரம் சுமார் 227 கிலோ. இடத்துக்கு இடம் இது மாறும் என்பதால் கணக்கு எந்த ஊருடையது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). 1957 ஏப்ரல் 1 முதல்தான் ரூபாய்க்கு நூறு பைசா.

கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வீட்டில் பழைய கிரையச் சீட்டுகளும் மாடு விற்ற சீட்டுகளும் ஒரு கட்டு இருக்கின்றன. சிலவற்றில் தமிழ் வருஷம் மட்டும் இருக்கிறது, ஆங்கில ஆண்டு இல்லை. காலத்தை எப்படி அறிவது? லாமினேஷன் செய்து வைக்கலாமா?

பதில்: லாமினேஷன் வேண்டாம், சூடும் பசையும் தாளை மெல்ல அழித்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டுகளை மடிப்பு நீக்கிப் பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவதால் அது மட்டும் போதாது. முத்திரைத்தாளாக இருந்தாலோ, ஸ்டாம்பு ஒட்டியிருந்தாலோ அதில் உள்ள தலையைப் பாருங்கள். 1901 வரை விக்டோரியா ராணி. அதன் பின் 1910 வரை ஏழாம் எட்வர்ட். அடுத்து 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ். பழைய இருப்பு தீரும் வரை முந்தைய தலையையே பயன்படுத்தியதுண்டு என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம். 'தாது வருஷம்' என்று எழுதி ராணியின் தலை இருந்தால் அது 1876–77, பஞ்சத்தின் நடுவில் விற்ற மாடு. அதே தாது வருஷத்தோடு ஜார்ஜ் தலை இருந்தால் 1936–37. அப்படி ராணி தலையோடு ஒரு மாட்டுச் சீட்டு உங்கள் கட்டில் இருந்தால், அதில் எழுதிய விலையையும் மாட்டின் பல் கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.